கோர்டு கார் ஏன் நிலைக்கவில்லை?

கேட்கப்பட்ட கேள்வி இது: "எஞ்சின் முன்சக்கரங்களைச் சுழற்றும் சொகுசுக் காரை அமெரிக்கர்கள் 1930-களிலேயே செய்துவிட்டார்களாமே, கோர்டு என்று பெயராம். அவ்வளவு முன்னேறிய கார் ஏன் நிலைக்கவில்லை? 1966-இல் வந்த டொரனாடோ அதன் வாரிசு என்கிறார்களே, உண்மையா?"

முன்சக்கர இயக்கத்தால்தான் கோர்டு தோற்றது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. முதல் கோர்டுக்கு அடிப்படை அமைப்பிலேயே ஒரு பிழை இருந்தது, அதோடு காலமும் கெட்டது. இரண்டாவது கோர்டில் அந்தப் பிழையைச் சரிசெய்தார்கள். ஆனால் சரியாகச் சோதிக்காமல் அவசர அவசரமாக வெளியே தள்ளினார்கள். முதலாளியின் மனமும் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது. டொரனாடோ விஷயம் பாதி உண்மை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இன்று முன்சக்கர இயக்கம் என்றால் சிக்கனம், சின்னக் கார், இட வசதி என்றுதான் நினைக்கிறோம். கோர்டுக்காரர்களுக்கு இவை எதுவும் முக்கியமில்லை. அவர்களுக்கு வேண்டியது தாழ்வு. 1920-களின் கார்களில் எஞ்சின் முன்னால், இயங்கும் சக்கரம் பின்னால். இரண்டையும் இணைக்கும் நீண்ட ஷாஃப்ட் காரின் அடியில் ஓடும். அந்த ஷாஃப்டுக்கு மேலே சேசிஸ் என்ற அடிச்சட்டகம், அதற்கு மேலே தரைப்பலகை, அதற்கு மேலே இருக்கை, அதற்கு மேலே தொப்பி போட்ட மனிதர். ஆக, கார் ஆறடி உயரம் நிற்கும். ஃபுட்போர்டில் கால் வைத்து ஏறித்தான் உள்ளே போக வேண்டும். அந்த ஷாஃப்டை எடுத்துவிட்டால் தரை கீழே இறங்கும், தரை இறங்கினால் கூரையும் இறங்கும். கோர்டு என்ற காருக்கே இந்த ஒரு கணக்குதான் அடிப்படை.

சரி, யார் இந்த கோர்டு? எரெட் லொபன் கோர்டு, 1894-இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். அவர் பொறியாளர் இல்லை, விற்பனையாளர். சிகாகோவில் மூன் என்ற கம்பெனியின் கார்களை விற்றுப் பேர் வாங்கியவர். 1924-இல் இந்தியானா மாநிலத்தின் ஆபர்ன் ஊரில் இருந்த ஆபர்ன் கார் கம்பெனி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது அதை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. விற்காத கார்கள் நூற்றுக்கணக்கில் தொழிற்சாலை வளாகத்தில் நின்றன. அவர் புதிதாக எதையும் வடிவமைக்கவில்லை. நின்ற கார்களுக்குப் பளிச்சென்று பெயின்ட் அடித்தார், அங்கங்கே நிக்கல் பூசினார், விற்றுத் தீர்த்தார். ஆளின் குணம் இந்த ஒரு செயலில் தெரியும். பார்வைக்கு எடுப்பாக இருந்தால் மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கைதான் அவர் பெயரைத் தாங்கிய காரை உருவாக்கியது, பின்னால் அதன் காலையும் வாரியது.

அதன் பிறகு அவர் வளர்ந்த வேகம் தலை சுற்ற வைக்கும். 1926-இல் டூசன்பர்க் கைக்கு வந்தது. லைகமிங் எஞ்சின் தொழிற்சாலை வந்தது. ஸ்டின்சன் விமானக் கம்பெனி வந்தது. எல்லாம் கோர்டு கார்ப்பரேஷன் என்ற ஒரே குடையின் கீழ். ஆபர்ன் நடுத்தர விலைக் கார், டூசன்பர்க் ராஜாக்களும் சினிமா நட்சத்திரங்களும் வாங்கும் கார். இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய இடைவெளி இருந்தது. அதில் வைக்கத்தான் தன் பெயரிலேயே ஒரு கார் வேண்டும் என்று நினைத்தார்.

முன்சக்கர யோசனை பந்தயக் களத்திலிருந்து வந்தது. கலிஃபோர்னியாவின் ஹாரி மில்லர் 1920-களின் நடுவில் முன்சக்கர இயக்கப் பந்தயக் கார்களைச் செய்தார். 1925 இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் அவற்றில் ஒன்று இரண்டாம் இடம் பிடித்தது. பக்கத்தில் நின்ற மற்ற கார்களைவிட மில்லரின் கார் எவ்வளவு தாழ்வாக இருந்தது என்பது எல்லார் கண்ணிலும் பட்டது. கோர்டு அந்தக் காப்புரிமைகளைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கினார். மில்லரையும், முன்சக்கர இயக்கத்தில் அனுபவமுள்ள கொர்னீலியஸ் வான் ரான்ஸ்டையும் வேலைக்கு அமர்த்தினார். 1929-இல் எல்-29 வந்தது.

பார்க்க எல்-29 ஒரு கவிதை. சக்கரங்களுக்கு இடையே 137.5 அங்குலம், அதாவது மூன்றரை மீட்டர். முடிவே இல்லாததுபோல் நீளும் பானெட். உயரமோ ஐந்தடியைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். 1930 இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் முன்னால் ஓடி வழிகாட்டும் கார் இதுதான். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் ஒன்றை வைத்திருந்தார், ஆரஞ்சு நிறத்தில்.

பிரச்சினை பானெட்டுக்குள்ளே. லைகமிங்கின் நேர்வரிசை எட்டு சிலிண்டர் எஞ்சின், 4.9 லிட்டர். எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில் என்றால் எஞ்சின் எவ்வளவு நீளம் என்று நினைத்துப் பாருங்கள். இதைத் திருப்பி வைத்தார்கள். கிளட்ச் முன்பக்கம், அதற்கு முன்னால் கியர்பாக்ஸ், அதற்கும் முன்னால் சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல். இப்படி அடுக்கியதில் கனமான எஞ்சின் முன் ஆக்சிலிலிருந்து வெகுவாகப் பின்னால் தள்ளிப் போய்விட்டது. காரை இழுக்க வேண்டிய முன்சக்கரங்களின் மேல் போதிய எடை இல்லை. ஈரமான மேட்டுச் சாலையில் ஏறும்போது எடை இன்னும் பின்னால் சாயும், முன்சக்கரங்கள் பிடிமானமில்லாமல் சுற்றும். இதோடு, திரும்பும் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் அக்காலத்து மடங்கு இணைப்புகள், அதாவது யூனிவர்சல் ஜாயின்ட்கள் வேறு. சக்கரத்தைத் திருப்பிய நிலையில் அவை சீரான வேகத்தில் சுழலாது. திருப்பங்களில் ஸ்டீரிங்கில் உதறல் வரும், ஜாயின்ட் சீக்கிரம் தேயும்.

முன்சக்கர இயக்கம் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன் ஆக்சிலின்மேல் அமரும்போதுதான் பலன் தரும். எல்-29 தாழ்வை மட்டும் எடுத்துக்கொண்டு பிடிமானத்தைக் கைவிட்டது. அழகுக்காகத் தெரிந்தே செய்த விட்டுக்கொடுப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த நீள பானெட் இல்லாவிட்டால் எல்-29-ஐ யார் வாங்கியிருப்பார்கள்?

கார் கடைக்கு வந்த சில மாதங்களில், 1929 அக்டோபரில், பங்குச் சந்தை சரிந்தது. மூவாயிரம் டாலருக்கு மேல் விலை வைத்த கார் அது. பிறகு 2,400 டாலர் அளவுக்கு இறக்கியும் பயனில்லை. சுமார் ஐயாயிரம் கார்களோடு எல்-29 முடிந்தது. இதே சமயத்தில் ரக்ஸ்டன் என்று இன்னொரு அமெரிக்க முன்சக்கரக் காரும் வந்தது. கோர்டைவிடவும் தாழ்வானது, பக்கவாட்டில் பட்டை பட்டையாகப் பெயின்ட் அடித்து விற்றார்கள். அது வெகு குறைந்த எண்ணிக்கையிலேயே நின்றுபோனது. கோர்டின் ஐயாயிரம் அப்போது பெரிய எண்ணாகத்தான் தெரிந்திருக்கும்.

இனி எல்லாரும் கோர்டு என்றால் நினைக்கும் அந்தக் காருக்கு வருவோம்.

1933-இல் கோர்டன் பியூரிக் என்ற இளம் வடிவமைப்பாளர் ஜெனரல் மோட்டார்ஸில் ஹார்லி ஏர்லின் கீழ் சிறிது காலம் வேலை பார்த்தார். ஏர்ல் தன் ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து உள்ளுக்குள்ளேயே ஒரு போட்டி வைத்தார். பியூரிக் வரைந்த காரில் எஞ்சின் அறை முழுக்க மூடியிருந்தது. ரேடியேட்டர்கள் மூக்கிலே இல்லாமல், பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் வெளியே இருந்தன. தூசி உள்ளே போகாது, மூக்கு சுத்தமாக இருக்கும் என்பது யோசனை. நடுவர்கள் அதற்குக் கடைசி இடம் கொடுத்தார்கள்.

கொஞ்ச நாளில் அவர் டூசன்பர்க்குக்கே திரும்பினார். அதன் தலைவர் ஹரோல்ட் ஏம்ஸுக்கு விலை குறைந்த ஒரு சின்ன டூசன்பர்க் தேவைப்பட்டது. பியூரிக் அந்தக் கடைசி இடக் காரைத் தூசி தட்டி எடுத்தார். மாதிரிக் காரும் செய்தார்கள். வெளியே வைத்த ரேடியேட்டர்கள் எஞ்சினைக் குளிரவைக்கப் போதவில்லை. ரேடியேட்டர் உள்ளே போயிற்று, ஆனால் மூக்கில் வழக்கமான கிரில் திரும்பி வரவில்லை. அதற்குப் பதிலாகப் பானெட்டைச் சுற்றிக் கிடைமட்டமாக ஓடும் பட்டைகள். நடுவே சதுரமாக, மழுங்கலாக, முன்னே துருத்தி நிற்கும் முகம். பிற்காலத்தில் இதற்கு வந்த செல்லப்பெயர் 'சவப்பெட்டி மூக்கு'. சொகுசுக் காருக்கு இப்படியொரு பட்டப்பெயரா என்று தோன்றும், ஆனால் படத்தைப் பார்த்தால் வேறு பெயர் தோன்றாது.

சின்ன டூசன்பர்க் கைவிடப்பட்டு அதே உருவம் முன்சக்கர இயக்கக் கோர்டாக மாறியது. பணமில்லை என்று அதையும் நடுவில் நிறுத்தினார்கள். பிறகு 1935 கோடையில் திடீரென்று போகலாம் என்று உத்தரவு வந்தது. நவம்பர் தொடக்கத்தில் நியூயார்க் கார் கண்காட்சி. கையில் இருந்தது நான்கு மாதம்.

நான்கு மாதத்தில் புது எஞ்சின், புது கியர்பாக்ஸ், புது சஸ்பென்ஷன், சேசிஸோடு ஒன்றாகவே அமைத்த புதுவகை பாடி! இன்று கணினி வைத்துக்கொண்டுகூட யாரும் இதற்குக் கையெழுத்துப் போட மாட்டார்கள். கண்காட்சிக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. நூறு கார்களாவது செய்யப்பட்டிருந்தால்தான் புது மாடலைக் காட்ட முடியும். ஆபர்ன்காரர்கள் நூறு காரையும் கிட்டத்தட்டக் கையாலேயே கட்டினார்கள். முழுக் கூரையை ஒரே தகடாக அழுத்தி எடுக்கும் இயந்திரம் வாங்க வசதியில்லை. துண்டு துண்டாக அழுத்தி, பற்றவைத்து, ஈயம் பூசி, அரம் போட்டுத் தேய்த்து மழமழப்பாக்கினார்கள். கியர்பாக்ஸ் மட்டும் தயாராகவில்லை. கண்காட்சியில் மினுமினுவென்று நின்ற அந்தக் கார்கள் ஓட முடியாத கார்கள்.

ஆனால் அது யாருக்குத் தெரியும்? கூட்டம் மொய்த்தது. பின்னால் நின்றவர்கள் பக்கத்து அரங்கின் கார் பம்பர்கள் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்களாம். ஆர்டர்கள் குவிந்தன. கிறிஸ்துமஸுக்குள் கார் வீட்டுக்கு வந்துவிடும் என்று சொல்லி முன்பணம் வாங்கினார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்தது உள்ளங்கையில் வைக்கக்கூடிய ஒரு வெண்கலப் பொம்மைக் கார். உண்மைக் கார்கள் 1936 பிப்ரவரிக்கு மேல்தான் வெளிவரத் தொடங்கின. ஆர்டர் செய்தவர்களில் கணிசமானவர்கள் அதற்குள் பொறுமை இழந்து வேறு கார் வாங்கிவிட்டார்கள். வெண்கலப் பொம்மைகளில் மிஞ்சியவை இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொருள்.

810 என்று பெயரிட்ட அந்தக் காரைக் கொஞ்சம் சுற்றி வந்து பார்ப்போம். செடான் ஏறக்குறைய ஐந்தடி உயரம். ஃபுட்போர்டு கிடையாது, நேராக உள்ளே கால் வைக்கலாம். கதவுக் கீல்கள் வெளியே தெரியாது. பெட்ரோல் ஊற்றும் வாய்க்கு மூடி போட்டு மறைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பானெட்டுகள் நடுவில் கீல் வைத்து இரண்டு பக்கமும் இறக்கைபோல் திறக்கும். இதிலோ பானெட்டின் மூடி முன்னாலிருந்து முதலை வாய்போல் மேலே எழும். சக்கர மூடிகளில் ஓரத்தைச் சுற்றி வட்டவட்ட ஓட்டைகள், பிரேக்குக்குக் காற்றுப் போக. இந்த ஓட்டைச் சக்கரத்தை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

ஹெட்லைட்டுகள் மட்கார்டுக்குள் ஒளிந்திருக்கும். ஸ்டின்சன் விமானங்களின் தரையிறங்கும் விளக்குகளையே எடுத்து மாற்றிப் பொருத்தினார்கள். சொந்த விமானக் கம்பெனி இருந்ததில் ஒரு சௌகரியம். மோட்டார் எதுவும் இல்லை, டாஷ்போர்டின் இரண்டு முனையிலும் கைப்பிடி உண்டு. இருட்டியதும் ஓட்டுபவர் தன் பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றுவார், அடுத்த விளக்குக்குப் பக்கத்தில் இருப்பவர் சுற்ற வேண்டும். தனியாகப் போனால்? இடமிருந்து வலம் எட்டிச் சுற்ற வேண்டியதுதான். டாஷ்போர்டும் விமானத்தின் சாயல்தான். சுழிசுழியாக மெருகேற்றிய உலோகத் தகடு, அதில் வரிசையாக மீட்டர்கள்.

இயந்திர விஷயத்தில் எல்-29-இன் பிழையை இங்கே சரிசெய்துவிட்டார்கள். நேர்வரிசை எட்டுக்குப் பதிலாக வி-8, மறுபடியும் லைகமிங்தான், 4.7 லிட்டர், 125 குதிரைத்திறன். வி-8 என்றால் நான்கு சிலிண்டர் நீளத்துக்குள் எட்டும் அடங்கிவிடும். கிளட்சுக்கு அடுத்து டிஃபரன்ஷியல், அதற்கும் முன்னால் கியர்பாக்ஸ் என்று வரிசையை மாற்றினார்கள். எஞ்சின் ஆக்சிலை நெருங்கி வந்தது, கியர்பாக்ஸின் எடையும் ஆக்சிலுக்கு முன்னால் போனது. சவப்பெட்டி மூக்குக்குள் முன்னே துருத்திக்கொண்டிருப்பது அந்தக் கியர்பாக்ஸ்தான். முன்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் சஸ்பென்ஷனும் வந்தது. எல்-29-ஐயும் 810-ஐயும் ஒரே தோல்வியின் இரண்டு பாகமாகப் பார்ப்பவர்கள் இந்த மாற்றத்தைக் கவனிப்பதில்லை.

ஆனால் கியர் மாற்றும் முறை இருக்கிறதே, அதுதான் இந்தக் காரின் பெருமையும் தலைவலியும். கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அந்தப் பக்கம் இருப்பதால் சாதாரண கியர் கம்பி எட்டாது. ஸ்டீரிங் தண்டின் வலப்பக்கம் ஒரு சின்னக் கை, அதன் நுனியில் விரல் நீளத்தில் பொம்மை போன்ற ஒரு கியர் லீவர். அடுத்து வேண்டிய கியரில் அதை முன்கூட்டியே தள்ளி வைக்கலாம், ஒன்றும் நடக்காது. கிளட்சை மிதித்ததும் மின்சாரம் வால்வுகளைத் திறக்கும், எஞ்சினின் உறிஞ்சு சக்தி உருளைகளை இழுக்கும், கியர் தானே மாறும். நான்கு கியர். 1936-இல் ஒருவர் இரண்டு விரலால் கியர் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்த பக்கத்துக் கார்க்காரருக்கு எப்படி இருந்திருக்கும்!

ஒழுங்காக வேலை செய்யும்வரை எல்லாம் அழகு. மின்சாரம், வெற்றிடம், இயந்திரம் என மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று பிசகினாலும் கியர் விழாது, அல்லது ஓடும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். அப்புறம் சூடு. மூடிய மூக்குக்குள் வி-8 கொதித்தது. வெயில் நாளில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும், கார் நடுரோட்டில் நின்றுவிடும். பணக்காரர்கள் ஆசையாக வாங்கிய கார் தெருவோரம் ஆவி விட்டுக்கொண்டு நிற்கும் காட்சியைவிடக் கெட்ட விளம்பரம் உண்டா? ஊர் ஊராக இருந்த டீலர் மெக்கானிக்குகளில் எத்தனை பேருக்கு இந்தக் கியர்பாக்ஸ் புரிந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

கவனியுங்கள், இந்தக் குறைகளில் ஒன்றுகூட முன்சக்கர இயக்கத்தின் அடிப்படைக் குறை இல்லை. எல்லாமே ஒரு வருடம் மாதிரிக் கார்களை வெயிலிலும் மலையிலும் ஓட்டிப் பார்த்திருந்தால் கண்டுபிடித்துச் சரிசெய்திருக்கக்கூடியவை. வாங்கியவர்கள்தான் சோதனை ஓட்டுநர்களாக இருக்க வேண்டியிருந்தது. நன்றாகப் பராமரித்த 810-கள் இன்றைக்கும் நெடுந்தூரம் ஓடுகின்றன, குழாய்த் தடத்தை மாற்றியும் மின் பெட்ரோல் பம்ப் வைத்தும் உரிமையாளர்கள் அந்தத் தொல்லைகளைத் தீர்த்துவிட்டார்கள்.

1937-இல் விற்காமல் மிஞ்சிய 810-கள் பலவற்றுக்கு 812 என்று எண் மாற்றினார்கள். மெய்யான புதுச் சேர்க்கை சூப்பர்சார்ஜர். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி அது, 170 குதிரைத்திறன் கிடைத்தது, கடைசியில் செய்தவற்றில் அதற்கும் மேல். சூப்பர்சார்ஜர் உள்ள காருக்குப் பானெட்டின் பக்கவாட்டைத் துளைத்துக்கொண்டு பளபளக்கும் புகைக்குழாய்கள் வெளியே வந்து மட்கார்டுக்குள் நுழையும். ஏப் ஜென்கின்ஸ் என்ற வேகச் சாதனையாளர் அப்படியொரு காரை மணிக்கு 107 மைலுக்கு மேல் ஓட்டினார். தொழிற்சாலையிலிருந்து வரும் சாதாரணக் காருக்கு 1937-இல் அது அசாத்திய வேகம். விலை? 810 இரண்டாயிரம் டாலர் அளவில் ஆரம்பித்தது. அதே 1936-இல் கேடிலாக் தன் புதிய சிறிய மாடலை 1,700 டாலர் அளவில் விற்றது, தொல்லை இல்லாத வண்டி, ஊருக்கு ஊர் சர்வீஸ். கணக்குப் பார்க்கிறவர் எதை வாங்குவார் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு ஆண்டுகளில் மூவாயிரத்துக்குச் சற்றே குறைவான கார்கள். அவ்வளவுதான் உற்பத்தி.

இந்த நேரத்தில் கோர்டு என்ற மனிதர் எங்கே இருந்தார்? நடுவில் சில காலம் குடும்பத்தோடு இங்கிலாந்தில் போய் இருந்தார். விமானம், கப்பல், பங்குகள் என்று அவர் கவனம் சிதறிவிட்டது. திரும்பி வந்தபோது பங்கு வியாபாரம் தொடர்பாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் விசாரணை காத்திருந்தது. 1937 ஆகஸ்டில் தன் பங்குகளை விற்றுவிட்டு விலகினார். வாங்கியவர்களுக்கு வேண்டியது விமானத் தொழில், கார் அல்ல. உற்பத்தி உடனே நின்றது. ஆபர்ன், கோர்டு, டூசன்பர்க் மூன்றும் ஏறக்குறைய ஒரே மூச்சில் போய்விட்டன. கார் கட்டிய தொழிற்சாலையில் பிறகு சமையலறை அலமாரிகளும், போர்க்காலத்தில் ஜீப் பாடிகளும் செய்தார்கள். கோர்டு கலிஃபோர்னியாவில் நிலம் வாங்கி விற்றார், வானொலியில் இறங்கினார், நெவாடா மாநிலச் சட்டமன்றத்தில் செனட்டராகவும் இருந்தார். 1974-இல் இறக்கும்வரை கார்த் தொழில் பக்கம் திரும்பவே இல்லை.

காருக்கு இன்னொரு அரைகுறைப் பிறவி உண்டு. செடானின் அச்சுகளை ஹப்மொபைல் கம்பெனி வாங்கியது. முடியாமல் கிரஹாம் கம்பெனியையும் கூட்டுச் சேர்த்தது. பின்சக்கர இயக்கம், சாதாரண மூக்கு, மலிவு விலை, உடல் மட்டும் கோர்டு. ஹப் ஸ்கைலார்க், கிரஹாம் ஹாலிவுட் என்று இரண்டு பெயரில் விற்றார்கள். துண்டு துண்டாக ஒட்டும் அந்தக் கூரை மலிவுக் காருக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? இரண்டு கம்பெனிகளும் கார் செய்வதையே 1940-ஐ ஒட்டி விட்டுவிட்டன. கோர்டின் சாபம் என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், மூழ்கும் இருவர் ஒரு ஓட்டைப் படகை வாங்கிய கதை.

புகழ் மட்டும் குறையவில்லை. விமானி அமேலியா எர்ஹார்ட் தன் விமானத்துக்கு அருகே கோர்டுடன் நிற்கும் படம் பிரபலம். கௌபாய் நடிகர் டாம் மிக்ஸ் 1940-இல் அரிசோனாவில் தன் 812-ஐ ஓட்டிப்போகும்போது விபத்தில் இறந்தார். 1951-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் எட்டுக் கார்களைக் கலைப்பொருளாகக் கருதி ஒரு கண்காட்சி வைத்தபோது அதில் 812-ம் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் போட்டியில் கடைசி இடம் வாங்கிய ஓவியத்தின் வழிவந்த கார் அது.

இனி டொரனாடோ. 1937-க்குப் பிறகு கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் அமெரிக்காவில் எந்தப் பெரிய கம்பெனியும் முன்சக்கர இயக்கக் காரை உற்பத்திக்குக் கொண்டுவரவில்லை. ஐரோப்பாவில் 1934-இலேயே சித்ரொவென் இறங்கி வெற்றியும் கண்டுவிட்டது. 1966 மாடலாக ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ வந்தபோதுதான் அந்த இடைவெளி முடிந்தது. வடிவமைத்தவர் டேவிட் நார்த், இயந்திரப் பக்கம் தலைமை ஜான் பெல்ட்ஸ். ஒளிந்திருக்கும் ஹெட்லைட்டுகள், ஓட்டை போட்ட சக்கரம், கிடைமட்டப் பட்டைகள். பார்த்த மாத்திரத்தில் கோர்டு ஞாபகம் வரும், வரவேண்டும் என்றுதான் செய்தார்கள்.

இயந்திரத்தில் உறவு குறைவு. அங்கே 7 லிட்டர் வி-8, 385 குதிரைத்திறன். எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து வரும் சுழற்சியை இரண்டு அங்குல அகலச் சங்கிலி ஒன்று பக்கவாட்டில் இருக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகும். கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, அதன் தோளோடு தோள் நிற்கிறது. அதனால் எடையில் பெரும்பங்கு முன்சக்கரங்களின் மேல். கோர்டு இரண்டு தலைமுறையாகத் தேடிய விடை இது. முதல் ஆண்டில் நாற்பதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். அடுத்த ஆண்டே கேடிலாக் எல்டொராடோ இதே அடித்தளத்தில் வந்து, முன்சக்கர இயக்கக் காராகவே 2002வரை நீடித்தது. ஆக, உருவத்தில் வாரிசு, இயந்திரத்தில் இல்லை. டொரனாடோவிலும் ஒரு குறை உண்டு. அவ்வளவு கனமான காரை நிறுத்த ஆரம்பத்தில் டிரம் பிரேக் மட்டுமே. 1967-இல்தான் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கேட்டு வாங்க முடிந்தது.

டொரனாடோவுக்குக் கொஞ்சம் முன்னால் ஓக்லஹோமாவில் கிளென் பிரே என்பவர் பழைய கம்பெனியின் உரிமையையும் மிச்ச உதிரிப் பாகங்களையும் வாங்கி, பத்தில் எட்டுப் பங்கு அளவில் குட்டிக் கோர்டு செய்தார். பிளாஸ்டிக் பாடி, செவ்ரொலே கார்வேர் காரின் எஞ்சின், முன்சக்கர இயக்கம். பியூரிக்கும் உதவினார். நூறு கார் அளவில் முடிந்தது. அளவைக் குறைத்ததில் அந்த மூக்கு கொஞ்சம் பொம்மையாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

நேரில் பார்க்க ஆசையிருந்தால் இந்தியானாவின் ஆபர்னுக்குத்தான் போக வேண்டும். கம்பெனியின் 1930-ஆம் ஆண்டுத் தலைமை அலுவலகக் கட்டடம் 1974 முதல் அருங்காட்சியகம். கார்கள் நிற்பது அந்தக் காலத்து ஷோரூம் தளத்திலேயே. ஆண்டுதோறும் அமெரிக்கத் தொழிலாளர் தின (செப்டம்பர் முதல் திங்கள்) வார இறுதியில் உரிமையாளர்கள் தங்கள் கார்களை ஓட்டிக்கொண்டு அங்கே கூடுகிறார்கள். போனால் பக்கவாட்டுப் புகைக்குழாயைப் பார்த்ததும் சூப்பர்சார்ஜர் கார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அழகுக்காகப் பிற்பாடு குழாய் மட்டும் மாட்டிய கார்கள் நிறைய. எஞ்சின் எண்ணைப் பாருங்கள்: எஃப்சி என்று ஆரம்பித்தால் பிறவியிலேயே சூப்பர்சார்ஜர், எஃப்பி என்றால் குழாய் பிறகு வந்தது.